சவரிமுத்து பேரன் போஸ்கோ

குடும்பப் பேரை வச்சு வம்சம் தேடித் தர்றது இப்ப பெரிய வியாபாரம். பேரைச் சொன்னாப் போதும், உலக வரைபடத்துல அந்தப் பேர்க்காரங்க எங்கெங்க இருக்காங்கன்னு காட்டிடுவாங்க. இத்தாலியப் பேரான ‘போஸ்கோ’வைத் தேடினா இத்தாலி, அமெரிக்கா, அர்ஜென்டினாவோட இந்தியாவும் வரும். அதை ஒரு இத்தாலிக்காரர் பாத்தா, தன் சொந்தக்காரங்க கப்பலேறி இங்க வந்து குடியேறிட்டாங்கன்னுதான் நினைப்பாரு. நம்ம ஊர்லயும் இதுக்கு நிகரா ஒரு பேச்சு உண்டு: “பேரு போஸ்கோவா? அப்ப வெள்ளைக்காரன் வழியா இருக்கும்.” ரெண்டுமே தப்பு. உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம், கள்ளக்குறிச்சி பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள்ல ஜான் போஸ்கோ, சாவியோ, கொரற்றி, மஜெல்லா, பெஸ்கின்னு பேர் வைக்கிறது சாதாரணம். இந்த அஞ்சும் இத்தாலியில ஒவ்வொரு குடும்பத்தோட பேரு. ஆனா இந்தப் பேர் வச்சுக்கிட்டவங்க அந்தக் குடும்பங்கள்லேர்ந்து வந்தவங்க இல்ல. ஆள் வராம பேர் மட்டும் வந்திருக்கு. வந்த பேரைக் குடும்பத்துக்கு வைக்காம ஆளுக்கு வச்சது நம்ம முறை. வெவரம் தெரியாம நடந்த குழப்பம்னு இதைச் சிலர் சொல்றாங்க. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இதுல தெளிவான காரணம் இருக்கு. அதைத்தான் இங்க எழுதப் போறேன்.

முதல்ல இத்தாலியில பேர் எப்படி உருவாச்சுன்னு கொஞ்சம் பாத்துடுவோம். குடும்பப் பேர் அங்க மெதுமெதுவா வந்த வழக்கம். அப்பா பேர்லேர்ந்து வந்தது, ஊர்லேர்ந்து வந்தது, தொழில்லேர்ந்து வந்தது, பட்டப்பேர்லேர்ந்து வந்ததுன்னு நாலு வழி. ஃபெர்ராரின்னா கொல்லர் வழி. ரோஸின்னா சிவப்பு முடிக்காரன் வழி. போஸ்கோன்னா காட்டோரம் வீடு இருந்தவங்க. காடு எல்லா ஊர்லயும் இருந்ததால, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத பல ஊர்கள்ல இந்தப் பேர் தனித்தனியா முளைச்சிருக்கு. அதனால இத்தாலிக்குள்ளயே எல்லா போஸ்கோவும் பங்காளி இல்ல. இந்தப் பேர்களை இறுக்கிக் கட்டினது கோயில் பதிவேடு. 1563-ல முடிஞ்ச திரெந்து பொதுச்சங்கம், ஞானஸ்நானத்தையும் கல்யாணத்தையும் ஒவ்வொரு பங்குலயும் எழுதி வைக்கணும்னு கட்டாயமாக்குச்சு. எழுத்துல ஏறின பேர் அப்புறம் லேசுல மாறாது, மகனுக்கும் பேரனுக்கும் அதேதான். நேப்பிள்ஸ்ல கோயில் வாசல்ல விட்டுட்டுப் போன குழந்தைகளுக்கு ‘எஸ்போஸிட்டோ’ன்னு எழுதினாங்க, ‘வெளியில விடப்பட்டது’ன்னு அர்த்தம். அந்தக் குழந்தை வளந்து, பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்தப் பேர் போகல. இன்னிக்கும் நேப்பிள்ஸ் பக்கம் தடுக்கி விழுந்தா ஒரு எஸ்போஸிட்டோ. குடும்பப் பேர்ங்கிறது ஒரு பிறப்பை எத்தனை தலைமுறைக்கு ஒட்டி வைக்கும்னு தெரிஞ்சுக்க இந்த ஒரு பேர் போதும். இதை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

நம்ம ஆளு ஜொவான்னி போஸ்கோ 1815-ல பியத்மாந்து பகுதியில பெக்கிங்கிற குக்கிராமத்துல, ஏழை விவசாயக் குடும்பத்துல பிறந்தவர். ரெண்டு வயசு நிறையறதுக்குள்ள அப்பா போயிட்டார், அம்மா மார்கெரித்தாதான் வளத்தாங்க. சாமியாராகி, தூரின் நகரத்துல தெருவுல திரிஞ்ச பையன்களைச் சேத்துப் படிப்பும் கைத்தொழிலும் சொல்லிக் கொடுத்தார். 1888-ல இறந்தார். அவர் சபைக்காரங்களான சலேசியர்கள் இந்தியாவுல முதல்ல கால் வச்சது தமிழ்நாட்டுலதான், 1906-ல தஞ்சாவூர்ல. (பெக்கி கிராமத்துப் பையனோட பேர் காவிரிக்கரைக்கு வர, அவர் இறந்து பதினெட்டே வருஷம்தான் ஆச்சு.) 1934 ஈஸ்டர் அன்னிக்கு ரோம் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்துச்சு. பேர் பரவினது அதுக்கப்புறம்தான். சலேசியர் நடத்தின பள்ளிக்கூடம், தொழிற்பயிற்சிக் கூடம், 1951-ல ஆரம்பிச்ச திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரின்னு ஒவ்வொண்ணும் அந்தப் பேரை வீட்டுக்கு வீடு கொண்டு போச்சு. பையன் படிச்சது டான் போஸ்கோ பள்ளிக்கூடத்துல, அவனுக்குப் பொறந்த பையன் பேரு ஜான் போஸ்கோ. இவ்வளவுதான் பரவின வழி.

ஆனா ஒரு கேள்வி நிக்குது. புனிதர் பேர்தான் வேணும்னா ‘ஜான்’ போதுமே? அதுதானே அவருக்கு ஞானஸ்நானத்துல வச்ச பேர்? குடும்பப் பேரை எதுக்கு இழுத்துக்கிட்டு வரணும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னா மீதி எல்லாம் தானா அவிழ்ந்துரும். கத்தோலிக்கத்துல ஜான் எத்தனை பேர்னு எண்ணிப் பாருங்க. ஸ்நாபக அருளப்பர் (ஜான்தான் தமிழ்ல அருளப்பர்) ஒருத்தர், அப்போஸ்தலர் அருளப்பர் ஒருத்தர், ஓரியூர்ல வெட்டுப்பட்ட ஜான் தெ பிரிட்டோ ஒருத்தர், பிரான்ஸ் நாட்டு ஜான் மரிய வியான்னி ஒருத்தர், அப்புறம் போஸ்கோ. ஒரு ஊர்ல பத்துப் பையனுக்கு ஜான்னு பேர் வச்சா, எந்த ஜான் யாரோட பாதுகாப்புல இருக்கான்னு எப்படித் தெரியும்? அதனால எது வேறுபடுத்திக் காட்டுதோ அது முன்னுக்கு வந்துருச்சு. பிரிட்டோ, வியான்னி, போஸ்கோ. இதே கணக்கை மத்த பேர்கள்ல போட்டுப் பாருங்க. பிரான்சிஸ் பல பேர். அதனால சேவியர், சலேசு, அசிசி தனிப் பேர் ஆச்சு (அசிசி குடும்பப் பேர் கூட இல்ல, ஒரு ஊரு). மரியா எத்தனையோ பேர். அதனால 1950-ல புனிதரான மரிய கொரற்றி இங்க வெறும் கொரற்றி ஆனாங்க. 1954-ல புனிதரான தோமினிக் சாவியோ, போஸ்கோவோட மாணவர், பதினஞ்சு வயசு முடியறதுக்குள்ள இறந்தவர், இங்க சாவியோ. ஜெரார்டு மஜெல்லா கர்ப்பிணிகளுக்குத் துணைன்னு நம்பப்படுறவர். பிரசவம் நல்லபடியா முடிஞ்சதும் பொம்பளைப் பிள்ளைக்கு மஜெல்லான்னு வச்சாங்க. ஒரு ஆம்பளையோட குடும்பப் பேரு பொண்ணோட சொந்தப் பேராச்சு. இத்தாலியில பேர் வைக்கிற கணக்குல இதுக்கு இடமே இல்ல, இங்க யாருக்கும் உறுத்தவும் இல்ல.

உறுத்தாததுக்குக் காரணம், நம்ம பேர் அமைப்புல குடும்பப் பேருக்குன்னு ஒரு கட்டம் கிடையாது. அப்பா பேரோட முதல் எழுத்து, அப்புறம் நம்ம பேரு. அந்த எழுத்து ஒரு தலைமுறைக்குத்தான் செல்லுபடி. அடுத்த தலைமுறையில உதிர்ந்துரும். அதனால வெளியிலேர்ந்து எந்தக் குடும்பப் பேர் வந்தாலும், அது உக்கார இருக்கிற ஒரே இடம் ஆள் பேர்தான். இது கிறிஸ்தவங்களுக்கு மட்டும் உள்ளதுன்னு நினைச்சுடாதீங்க. நேருங்கிறது காஷ்மீரப் பண்டிதக் குடும்பம் ஒண்ணோட பேரு. தில்லியில கால்வாய் ஓரம் வீடு இருந்ததால வந்தது. இங்க கே.என். நேரு. போஸ் வங்காளத்துக் குடும்பப் பேரு. மதுரை, ராமநாதபுரம் பக்கம் போஸ்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்கிறவங்க நிறைய. கென்னடி அயர்லாந்து வழிப் பேரு, நம்ம நடிகர் விக்ரமுக்கு வீட்டுல வச்சது அதுதான். ஸ்டாலின்ங்கிறது ஜுகாஷ்விலின்னு குடும்பப் பேர் உள்ள ஒருத்தர் தானா வச்சுக்கிட்ட புனைபெயர், இங்க முதலமைச்சர் ஆனவரோட சொந்தப் பேரு. பெரியார் வழி வந்தவங்களும் சரி, காங்கிரஸ்காரங்களும் சரி, மாதா கோயிலுக்குப் போறவங்களும் சரி, எல்லாரும் ஒரே வேலையைத்தான் செஞ்சிருக்காங்க: மதிக்கிற மனுஷனைக் குடும்பத்துலேர்ந்து பிரிச்சு எடுத்து, அவரைச் சொன்னதும் ஞாபகம் வர்ற பேரைத் தன் பிள்ளைக்கு வச்சிருக்காங்க.

“அப்படின்னா கடற்கரையில ஃபெர்னாண்டோ, மச்சாடோ, மோத்தான்னு குடும்பப் பேர் தலைமுறையா நிக்குதே, அது எப்படி?”ன்னு நீங்க கேக்கலாம். சரியான கேள்வி. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530-கள்ல போர்த்துகீசியர் கையால ஞானஸ்நானம் வாங்கினப்ப, ஞானத்தகப்பனா நின்ன போர்த்துகீசியரோட பேர் அவங்களுக்கு வந்துச்சு. பின்னால ஆட்சி இருந்தது, எழுத்து இருந்தது, அந்தப் பேர் கெட்டியா நின்னுருச்சு. ஆனா அங்கயும் கவனிக்கிறதுக்கு ஒண்ணு இருக்கு. போர்த்துகல்ல ஃபெர்னாண்டோங்கிறது ஆள் பேரு; அதோட குடும்பப் பேர் வடிவம் ஃபெர்னாண்டஸ். தூத்துக்குடிப் பக்கமும் இலங்கையிலயும் ஆள் பேரு குடும்பப் பேர் ஆச்சு. உள்நாட்டுல குடும்பப் பேரு ஆள் பேர் ஆச்சு. ஒரே மதம், ஒரே மொழி, ரெண்டு திசை. அப்ப இதை முடிவு பண்ணினது மதம் இல்ல. அரசாங்கமோ பதிவேடோ கட்டாயம் பண்ணின இடத்துல குடும்பப் பேர் உண்டாச்சு, மக்கள் பாட்டுக்கு விட்ட இடத்துல அது கரைஞ்சு போச்சு. பாண்டிச்சேரியைப் பாத்தா இன்னும் தெளிவாத் தெரியும். 1881 செப்டம்பர் 21-ல பிரெஞ்சு அரசு ஒரு ஆணை போட்டுச்சு. சாதிச் சட்டத்தை விட்டுட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்கு வர்றவங்க, தங்களுக்குன்னு ஒரு குடும்பப் பேரைத் தேர்ந்தெடுத்துக்கணும். பொன்னுத்தம்பி ‘லாபோர்த்’ ஆனார். சட்டம் கேட்டதும் நம்மாளுங்களும் குடும்பப் பேர் வச்சுக்கிட்டாங்க. அந்தப் பாண்டிச்சேரிக்குப் பக்கத்துலயே, மேல சொன்ன ஊர்கள் இருந்த, சட்டம் கேக்காத தென்னார்க்காடு மாவட்டம், வச்சுக்கல.

தென்னார்க்காட்டுக்கு இன்னொரு சிறப்பு உண்டு, அதுக்குக் கோனான்குப்பம் போகணும். உளுந்தூர்பேட்டைக்குத் தெற்க, விருத்தாசலம் பக்கத்து ஊரு. அங்க பெரியநாயகி மாதா கோயிலைக் கட்டினவர் வீரமாமுனிவர். மாதா தமிழ்ப் பெண் உடையில நிக்கிறாங்க, ஜனவரி 23 திருவிழா. அவர் சொந்தப் பேர் கொன்ஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி. 1680-ல மாந்துவாவுக்குப் பக்கத்துல காஸ்திலியோனேங்கிற ஊர்ல பிறந்தவர். இங்க வந்ததும் ‘கொன்ஸ்தான்சோ’வைத் தமிழாக்கி தைரியநாதர் ஆனார், அப்புறம் வீரமாமுனிவர் ஆனார். பெஸ்கிங்கிற குடும்பப் பேரைத் தமிழ்ல அவர் எங்கயும் நிறுத்தல, அது அவருக்கு இங்க தேவைப்படல. 4 பிரிவா சதுரகராதி தொகுத்தவர், 3,615 பாட்டுல தேம்பாவணி எழுதினவர், தன் குடும்பத்துப் பேரை மட்டும் வாசலிலேயே விட்டுட்டு வந்தார். ஆனா அவருக்குப் பின்னால வந்த தமிழ்க் குடும்பங்கள் அதைத் தேடி எடுத்துப் பிள்ளைகளுக்கு வச்சாங்க. அதே காஸ்திலியோனேவுல அவருக்கு நூறு வருஷத்துக்கும் மேல முன்னாடி, 1568-ல, இன்னொருத்தர் பிறந்தார்: அலோசியுஸ் கொன்சாகா. கொன்சாகா சின்னக் குடும்பம் இல்ல. 1328-லேர்ந்து 1708 வரைக்கும் மாந்துவாவை ஆண்ட அரச வம்சம். அலோசியுஸ் தன் பரம்பரை உரிமையை வேண்டாம்னு சொல்லித் துறவியாகி, பிளேக் நோயாளிகளைப் பாத்துக்கப் போய், 23 வயசுல செத்தவர். அவரைத் தமிழ்ல என்னன்னு சொல்றோம்? ஞானப்பிரகாசியார். முந்நூத்தி எண்பது வருஷம் ஆண்ட வம்சத்தோட பேர் அதுல ஒரு எழுத்துகூட மிச்சமில்ல. ஒரே ஊர்க்காரங்க ரெண்டு பேரு. ஒருத்தர் குடும்பப் பேர் முழுசா மறைஞ்சு போச்சு, இன்னொருத்தரோடது ஆள் பேரா முளைச்சிருக்கு.

இதையெல்லாம் ஒரே இடத்துல பாக்கணும்னா ஒரு கல்யாணப் பத்திரிகை போதும். இந்தப் பக்கத்துக் கத்தோலிக்க வீட்டுப் பத்திரிகைகள் எந்த மாதிரி இருக்கும்னு ஒரு உதாரணத்துக்குச் சொல்றேன். கொள்ளுத்தாத்தா சவரிமுத்து, தாத்தா ச. ஞானப்பிரகாசம், அப்பா ஞா. ஜான் போஸ்கோ, மாப்பிள்ளை ஜா. சாவியோ. சவரிங்கிறது சேவியர், ஸ்பெயின் நாட்டு நவார்ரேவுல ஒரு கோட்டையோட பேரு. அதைச் சவரியாக்கி, முத்துன்னு வால் வச்சு, வயல்ல நாத்து நடுற ஆளுக்கு வச்சாச்சு. ஞானப்பிரகாசம் கொன்சாகா வம்சத்துப் பிள்ளை. போஸ்கோ பெக்கி கிராமத்து விவசாயி மகன். சாவியோ அவர் மாணவன். நாலு பேருக்கும் ஐரோப்பாவுல நாலு குடும்பம், இங்க ஒரே வீடு. அதுலயும் போஸ்கோவுக்குப் பொறந்த சாவியோங்கிறது குருவுக்கும் சீடனுக்கும் உள்ள உறவு அப்பனுக்கும் பிள்ளைக்கும் மாறினது. அந்தப் பேர் வச்சவங்க அதை யோசிச்சுத்தான் வச்சிருப்பாங்கன்னு நான் நம்புறேன்.

இதுக்குப் பலமான மறுப்பு ஒண்ணு இருக்கு. “அடிமைப் புத்தி. நல்ல தமிழ்ப் பேர் இல்லையா?”ன்னு கேக்கிறவங்க. அவங்க கோபத்துல நியாயம் உண்டு, ஆனா வரலாறு அவங்க நினைக்கிற வரிசையில இல்ல. உள்நாட்டுல கத்தோலிக்கம் பரப்பின மதுரை மிஷன் தமிழ்ப் பேர்லதான் ஆரம்பிச்சுது. பீட்டர் இங்க ராயப்பர், பால் சின்னப்பர், ஜான் அருளப்பர், தெ பிரிட்டோவே அருளானந்தர். அந்தப் பேர்கள் இன்னும் இருக்கு, ஆரோக்கியசாமியும் அருளானந்தமும் எங்கயும் போகல. இருபதாம் நூற்றாண்டுல மூலப் பேர்களையும் சேத்துக்கிட்டாங்க, இருந்ததைத் தூக்கி எறியல. அதுவும் அதிகாரத்துல இருந்தவங்க பேரை எடுத்துக்கல. இந்த நாட்டை ஆண்டவங்க இங்கிலீஷ்காரங்க. இத்தாலியில ஒரு குக்கிராமத்து விவசாயி பேரை வச்சுக்கிட்டா எந்தத் தாசில்தார் ஆபீஸ்ல சலுகை கிடைக்கும்? கொரற்றி விவசாயக் கூலிக் குடும்பத்துப் பொண்ணு, 1902-ல பதினோரு வயசுல தன்னைக் கெடுக்க வந்தவன் கையால செத்தவ. மஜெல்லா தையல்காரர் மகன். இந்தப் பேர்களை வச்சவங்க தங்களை மாதிரி இருந்தவங்களைத்தான் தேர்ந்தெடுத்திருக்காங்க.

இன்னொரு மறுப்பு, இதைவிடக் கனமானது. குடும்பப் பேர் இல்லாட்டி வம்சம் தெரியாது. இத்தாலியில ஒரு போஸ்கோ பங்குப் பதிவேட்டைப் புரட்டிப் பல தலைமுறை பின்னால போகலாம். நம்ம போஸ்கோவுக்குத் தாத்தா பேரே தெரிஞ்சாத்தான் உண்டு. இது நிஜமான நஷ்டம், ஒத்துக்கிறேன். ஆனா இங்க குடும்பப் பேர்னு ஒண்ணு நின்னிருந்தா அது என்னவா இருந்திருக்கும்? சாதிப் பட்டமாத்தான் இருந்திருக்கும். 1929-ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பேர்லேர்ந்து எடுக்கச் சொன்னதுக்கு ஒரு காரணம் இருக்கு. எஸ்போஸிட்டோவுக்கு நடந்தது இங்க ஒரு ஆளுக்கு இல்ல, ஒரு சேரிக்கே நடந்திருக்கும். போஸ்கோங்கிற பேரை வச்சு எந்தத் தெருன்னு சொல்ல முடியாது, அது அந்தப் பேரோட பெரிய பலம். அதுக்காக பேர் சாதியை ஒழிச்சுருச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். உளுந்தூர்பேட்டை வட்டத்துலயே எறையூர் இருக்கு. ஒரே மாதாவைக் கும்பிடுறவங்க, ஒரே புனிதர்கள் பேரை வச்சுக்கிட்டவங்க. தலித் மக்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேணும்னு கேட்டதுல 2008 மார்ச்சுல கலவரம் வெடிச்சு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல ரெண்டு உயிர் போச்சு. சாதிக்குப் பேர் தேவைப்படல, தெருவும் கல்லறையும் போதுமா இருந்துச்சு. பேர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வெளியூர்ல, வேலைக்கு மனுப் போடுற இடத்துல, வாடகை வீடு கேக்கிற இடத்துல, முதல் பார்வையில ஒருத்தரைக் காட்டிக் கொடுக்காம இருக்கும். அந்தக் கொஞ்சத்தையும் லேசா நினைக்க எனக்கு மனசு வரல.

இப்ப இந்தக் கதை திரும்புது. வெளிநாடு போற பையன் பாஸ்போர்ட்டுல குடும்பப் பேர்னு ஒரு கட்டம். காலியா விட்டா, அமெரிக்க விசாவுல முதல் பேர் தெரியாதுன்னு எழுதித் தருவாங்க. ஒத்தைப் பேரோட சுற்றுலா விசாவுல வர்றவங்களை உள்ள விடமாட்டோம்னு அமீரகம் 2022 நவம்பர்ல அறிவிச்சுது. அதனால பையன் அப்பா பேரை அந்தக் கட்டத்துல போடுறான். சாவியோ போஸ்கோ. கனடாவுல அவனுக்குப் பொறக்கிற குழந்தைக்கும் போஸ்கோதான், அதுக்குப் பொறக்கிறதுக்கும் போஸ்கோதான். குடும்பப் பேரா கிளம்பினது, தமிழ்நாட்டுல ஆள் பேரா வாழ்ந்து, டொரொன்டோவுல மறுபடி குடும்பப் பேரா நிக்குது. பெக்கி கிராமத்துக்கும் இதுக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. வரைபடத்துல இந்தியாவும் வர்றது, இப்படி ஆள் பேரைக் குடும்பப் பேர்க் கட்டத்துல போடுறதாலதான். இதுவும் ஒரு புது வம்சம், அதோட முதல் ஆளு சவரிமுத்து பேரன் போஸ்கோ.

அதனால இதைப் படிக்கிற போஸ்கோக்களுக்கும் சாவியோக்களுக்கும் கொரற்றிகளுக்கும் ஒண்ணு கேட்டுக்கிறேன். உங்க பேர் உங்க வம்சத்தைச் சொல்லாது, அந்த வேலையை நீங்கதான் செய்யணும். பங்குக் கோயில்ல ஞானஸ்நானப் பதிவேடு இருக்கு. பங்குத்தந்தைகிட்டக் கேட்டு தாத்தா, பாட்டி, அவங்க அப்பா அம்மா, ஞானத்தகப்பன், ஞானத்தாய் பேரையெல்லாம் பாத்து ஒரு நோட்டுல எழுதி வைங்க. பாட்டி வழியையும் சேத்து எழுதுங்க, இத்தாலிக்காரங்க பேர் முறையில விட்டுப் போனது அதுதான். வயசானவங்க உயிரோட இருக்கும்போதே கேட்டுருங்க.